தரவரிசையும் கல்வி உதவியும்: கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு தரும் படிப்பினை

தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு, எந்த மாணவருக்கு எந்தக் கல்லூரியில் இடம் என்பதை முடிவு செய்வதற்காக ஏற்பட்டது. கர்நாடக மாநிலத்தில் அத்தேர்வின் மதிப்பெண் இன்னொரு பணியையும் செய்து வருகிறது. பொதுப் பணம் எந்த மாணவரைச் சென்றடையும் என்பதையும் அதுவே பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. கட்டண விலக்கு, கல்விக் கடன், உதவித் தொகை ஆகிய மூன்றில் எதைப் பெற வேண்டுமாயினும், மாணவர் பெற்றுள்ள இடம் அரசின் ஒதுக்கீட்டின் வழி கிடைத்ததா என்ற கேள்வி முதலில் எழுகிறது. அந்த ஒதுக்கீட்டுக்குத் திறவுகோல் தரவரிசை எண்ணே ஆகும்.

ஆயினும், மதிப்பெண் பெறுவதும் உதவிக்குத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல. மதிப்பெண்ணை உரிய இடத்தில், உரிய நாளுக்குள், உரிய சான்றுகளுடன் பதிவு செய்தால்தான் அது தகுதியாக மாறும். நல்ல மதிப்பெண் பெற்றும் இந்தப் பதிவில் தவறிவிடும் ஏழை மாணவர், தேர்வில் தவறியவரைப் போன்றே இழப்புக்கு உள்ளாகிறார். இம்முறை எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு இயங்குகிறது, எங்கே சீர்திருத்தம் தேவைப்படுகிறது என்பன ஆராயத் தக்கவை.

வரலாற்றுப் பின்னணி

தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் பெருமளவில் தோன்றிய மாநிலங்களுள் கர்நாடகம் முன்னணியில் உள்ளது. அக்கல்லூரிகளில் நன்கொடை வசூலிக்கும் வழக்கத்தைத் தடுக்கும் பொருட்டு 1984ஆம் ஆண்டில் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் 1989 ஜூன் மாதத்தில் வெளியான அறிவிக்கையின்படி, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய். மாநிலத்தைச் சேர்ந்த பிற மாணவருக்கு 25,000 ரூபாய். வெளிமாநிலத்தவருக்கு 60,000 ரூபாய் வரை. ஒரே வகுப்பறை, ஒரே பாடம், ஆனால் மூன்று விலை. இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொடரப்பட்டதே மோகினி ஜெயின் வழக்கு. 1992இல் உச்ச நீதிமன்றம் நன்கொடைக் கட்டணத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டில், 1993இல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டத்தையே வகுத்துக் கொடுத்தது. தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களில் பாதி இலவச இடங்கள், பாதி கட்டண இடங்கள். இரண்டுமே தகுதி வரிசைப்படி நிரப்பப்பட வேண்டும். இதனை நடைமுறைப்படுத்த ஒரு பொதுத் தேர்வும் ஒற்றைச் சாளர முறையும் தேவைப்பட்டன. அத்தேவைக்காகக் கர்நாடக அரசு 1994இல் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவை அமைத்தது. அதுவே பின்னர் கர்நாடகத் தேர்வு ஆணையமாக வளர்ந்து, பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலையிலிருந்து செயற்பட்டு வருகிறது.

கர்நாடகத்திலிருந்தே எழுந்த டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில், 2002ஆம் ஆண்டு பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு உன்னிகிருஷ்ணன் திட்டத்தை ஏற்க மறுத்தது. 2005ஆம் ஆண்டின் இனாம்தார் தீர்ப்பு தனியார் கல்லூரிகளின் உரிமையை மேலும் தெளிவுபடுத்தியது. எனினும் நுழைவுத் தேர்வு மறைந்துவிடவில்லை. மாநில அரசும் கல்லூரி நிர்வாகங்களும் செய்துகொள்ளும் உடன்பாட்டின்படி, சிறுபான்மை நிறுவனம் அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளின் இடங்களில் 45 விழுக்காடு அரசு ஒதுக்கீட்டுக்கும், 30 விழுக்காடு கல்லூரிகளின் கூட்டமைப்பான காமெட்கே நடத்தும் தேர்வுக்கும், 25 விழுக்காடு நிர்வாகத்துக்கும் செல்லும் முறை உருவாயிற்று. அரசின் உதவி பெரும்பாலும் முதல் 45 விழுக்காட்டைச் சார்ந்தே வழங்கப்படுகிறது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

தரவரிசை கணிக்கப்படும் முறை

பொது நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய பாடங்களில் ஒவ்வொன்றுக்கும் 60 வினாக்கள், 60 மதிப்பெண்கள், 80 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொறியியல் தரவரிசைக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியும், இரண்டாம் ஆண்டு பி.யு.சி. அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் அதே மூன்று பாடங்களின் மதிப்பெண்ணில் பாதியும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு மாணவர் பி.யு.சி.யில் மூன்று பாடங்களிலும் சேர்த்து 300க்கு 270 பெற்றுள்ளார் என்று கொள்வோம். அது 90 விழுக்காடு. அதில் பாதி 45. நுழைவுத் தேர்வில் 180க்கு 120 பெற்றால் அது 66.67 விழுக்காடு. அதில் பாதி 33.33. இரண்டும் சேர்ந்து 78.33. பி.யு.சி.யில் 240 மட்டுமே பெற்ற மற்றொரு மாணவர், நுழைவுத் தேர்வில் 140 பெற்றால் அவருடைய கூட்டு 40, 38.89 ஆகியவை சேர்ந்து 78.89 ஆகிறது. அவரே முன்னால் நிற்பார். ஆண்டு முழுவதும் பள்ளியில் படித்த உழைப்பும் இரண்டு நாள் தேர்வும் சம எடை பெறுகின்றன என்பது இதன் பொருள்.

பெருந்தொற்றுக் காலமான 2021இல் பி.யு.சி. தேர்வு வழக்கம்போல் நடைபெறாததால், நுழைவுத் தேர்வு மதிப்பெண் மட்டுமே கொள்ளப்பட்டது. அவ்வாண்டு தேறியவர்கள் 2022இல் மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதியபோது, அவர்களுடைய பி.யு.சி. மதிப்பெண்ணைச் சேர்ப்பதா கூடாதா என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மதிப்பெண்ணை எவ்வாறு சேர்ப்பது என்பது வெறும் கணக்கு அன்று, உரிமைப் பிரச்சினை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மதிப்பெண்ணைப் பதிவு செய்தல்

மாநிலக் கல்வி வாரியத்தில் பயின்றோரின் பி.யு.சி. மதிப்பெண் தேர்வு ஆணையத்துக்கு வாரியத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. மத்திய வாரியம் போன்ற பிற வாரியங்களில் பயின்றோர் தங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தாங்களே ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதோருக்குத் தரவரிசை எண் வழங்கப்படுவதில்லை. நுழைவுத் தேர்வில் முதன்மையாகத் தேறியிருந்தாலும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

மருத்துவப் படிப்புக்கு 2017 முதல் தேசியத் தகுதி நுழைவுத் தேர்வான நீட் மட்டுமே அடிப்படையாக உள்ளது. அத்தேர்வை நடத்துவது தேசிய நிறுவனம். ஆனால் கர்நாடகத்தின் அரசு இடங்களைப் பங்கிடுவது மாநில ஆணையம். ஆகவே நீட் எழுதிய மாணவர், தம் பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் மாநில ஆணையத்திடம் தனியே அளித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டடக் கலைப் படிப்புக்குரிய நாட்டா தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதே விதி பொருந்தும். தேசியத் தேர்வில் தேறிவிட்டோம், இனி எல்லாம் தானே நடக்கும் என்று எண்ணி வாளாவிருப்போர் மாநில இடத்தையும், அதனோடு வரும் உதவியையும் ஒருசேர இழக்கின்றனர்.

மதிப்பெண்ணுடன் இணைத்துப் பார்க்க வேண்டிய மற்றொன்று சான்றிதழ். சாதி, வருமானச் சான்றிதழ்களைக் கர்நாடகத்தில் வருவாய்த் துறை வழங்குகிறது. கன்னடத்தில் 'நாட கச்சேரி' என்று வழங்கும் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆர்.டி. எண் என்ற தனி எண் உண்டு. இந்த எண்ணைக் கொண்டே தேர்வு ஆணையம் இணையவழியில் சான்றிதழைச் சரிபார்க்கிறது. மாநில அரசின் ஒருங்கிணைந்த கல்வி உதவித் தொகைத் தளமும் இதே எண்ணையே கேட்கிறது. ஒரே சான்றிதழ் இரண்டு கதவுகளைத் திறக்கிறது. அது காலாவதியாகியிருந்தாலோ, பெயர் மாறியிருந்தாலோ இரண்டும் மூடிக்கொள்ளும்.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. தமிழர் பெயரில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் நிற்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தாகவும், ஆதார் அட்டையில் முழுப் பெயராகவும், வங்கிக் கணக்கில் பின்னெழுத்தாகவும் ஒரே மாணவரின் பெயர் மூன்று வடிவில் அமைந்துவிடுகிறது. மனிதர் பார்த்தால் ஒருவரே என்று அறிவர். கணினி அவ்வாறு அறியாது. பத்தாம் வகுப்பிலேயே பெயரைச் சீர்செய்துகொள்வது நன்று.

அரசு இடத்தைச் சார்ந்த உதவிகள்

தரவரிசையை நேரடியாகச் சார்ந்த உதவி, கூடுதல் எண்ணிக்கை இடங்கள் எனப்படும் ஏற்பாடாகும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டண விலக்குத் திட்டப்படி, பொறியியல் பாடப்பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட மாணவர்க்கு இவை தரவரிசைப்படி வழங்கப்படுகின்றன. விலக்கு கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டுமே. பல்கலைக்கழகக் கட்டணம் உள்ளிட்ட ஏனைய கட்டணங்களை மாணவரே செலுத்த வேண்டும். இதனை அறியாமல், முழுவதும் இலவசம் என்று எண்ணிச் சேருவோர் சேர்க்கை நாளில் திகைக்க நேரிடுகிறது.

இரண்டாவது, 'அறிவு' என்னும் கல்விக் கடன் திட்டம். கர்நாடக சிறுபான்மையினர் வளர்ச்சிக் கழகமும், தேவராஜ் அர்ஸ் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் வளர்ச்சிக் கழகமும் இதனை நடத்துகின்றன. நுழைவுத் தேர்வின் வழி தொழிற்கல்வியில் இடம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற மிகக் குறைந்த வட்டியில் கடன் வழங்கப்படுகிறது. வணிக வங்கி எதுவும் இந்த வட்டிக்குக் கடன் தருவதில்லை என்பதை நோக்க, இதில் பொதிந்துள்ள அரசு மானியத்தின் அளவு விளங்கும்.

மூன்றாவது, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து வழங்கும் மெட்ரிக் கல்விக்குப் பிந்தைய உதவித் தொகை. 1944இல் தாழ்த்தப்பட்டோருக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவையால் திருத்தியமைக்கப்பட்டது. 2025-26 வரையிலான காலத்துக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 35,534 கோடி ரூபாய். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய். 2018இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களில் சேர்ந்தோருக்கு இத்தொகை கிடையாது என வரையறுத்தன. தனியார் நிர்வாகத்திடம் விலை பேசிப் பெற்ற இடத்துக்குப் பொதுப் பணம் செல்லலாகாது என்ற கொள்கையே இதன் அடிப்படை. கொள்கை சரியானது. ஆனால் அதனை உணராமல், ஒரு சிறிய வேறுபாட்டுக்காக அரசு இடத்தை விட்டு நிர்வாக இடத்தை ஏற்கும் குடும்பம், நான்காண்டுக் கால உதவியையும் சேர்த்தே விட்டுவிடுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள்

கர்நாடகத்தில் அரசு இடத்துக்குத் தகுதி பெறுவதற்கான முதன்மை விதி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. வரையில் குறைந்தது ஏழு முழுக் கல்வியாண்டுகள் அம்மாநிலத்தில் பயின்றிருக்க வேண்டும் என்பதாகும். தாய்மொழி எதுவாயினும் இவ்விதி ஒன்றே. பெங்களூரில் வீடு இருந்தாலும் ஓசூரிலுள்ள பள்ளியில் பயின்ற ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா.

சாதிச் சான்றிதழ் நிலை இதனினும் சிக்கலானது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி மாநிலம்தோறும் தனித்தனியே அமைந்தது. ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டின் பட்டியலிலும் உள்ளது. ஆயினும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பின்னாளில் குடியேறியவர், குடியேறிய மாநிலத்தில் அவ்வொதுக்கீட்டைக் கோர இயலாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் ஒரு மருத்துவக் கல்லூரி அனுமதி தொடர்பான வழக்கே ஆகும்.

1809இல் அமைந்த பெங்களூர்ப் படைமுகாமையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்த கோலார் தங்க வயலையும் நாடி வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, 1950க்கு வெகு முன்பே அங்கு நிலைத்துவிட்டவை. அவை கர்நாடகக் குடும்பங்களே. ஆனால் அதனை மெய்ப்பிக்கப் பாட்டனார் காலத்து ஆவணம் வேண்டியிருக்கிறது. தங்க வயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின் பெங்களூருக்கு வந்து கூலி வேலை செய்வோரிடம் அத்தகைய ஆவணம் எளிதில் கிடைப்பதில்லை. 1950க்குப் பின் வந்தோரோ, மத்திய உதவித் தொகைக்குத் தங்கள் சொந்த மாநிலத்தையே நாட வேண்டியவர்கள். இரண்டு வகையினருக்கும் வழி வேறு. அதைத் தக்க காலத்தில் எடுத்துச் சொல்வது வருவாய், சமூக நலத் துறை அலுவலர்களின் கடமையாகும்.

கால அட்டவணையே பெருந்தடை

இவ்வளவு வழிகளையும் கடந்து வரும் மாணவர் முன் நிற்பது கால அட்டவணை. தரவரிசை வெளியானதும் மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் முன்னுரிமை வரிசையில் பதிவு செய்கிறார். மாதிரி ஒதுக்கீட்டுக்குப் பின் முதற்சுற்று ஒதுக்கீடு வருகிறது. அப்போது நான்கு வாய்ப்புகள் உள்ளன. கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்று வைத்துக்கொண்டு மேலான இடத்துக்கு அடுத்த சுற்றில் காத்திருக்கலாம். ஏற்காமல் காத்திருக்கலாம். முற்றிலும் விலகலாம். இடத்தை உறுதி செய்ய விரும்புவோர் சில நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும்.

உதவித் தொகையோ கல்லூரியில் சேர்ந்த பின்னரே விண்ணப்பிக்கப்படுகிறது. விண்ணப்பம் கல்லூரியிலும் துறையிலும் சரிபார்க்கப்பட்டு, மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பின்னர், மத்தியப் பங்கு ஆதாருடன் இணைந்த மாணவரின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. கட்டணம் செலுத்தும் நாளுக்கும் உதவி கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் கழிகின்றன. இந்த இடைவெளியை வசதியுள்ள குடும்பம் சேமிப்பால் நிரப்புகிறது. ஏழைக் குடும்பம் கந்துவட்டியால் நிரப்புகிறது, அல்லது நிரப்ப இயலாமல் இடத்தை விடுகிறது. 2 விழுக்காட்டுக் கடனை எதிர்பார்த்து, அதற்குப் பல மடங்கு வட்டியில் கைமாற்று வாங்குவது திட்டத்தின் நோக்கத்தையே முறியடிப்பதாகும்.

விடப்படும் இடங்கள் வேறு கேட்டுக்கும் வழிவகுக்கின்றன. உயர்ந்த தரவரிசையினர் பெயரில் இடங்களை முடக்கி வைத்து, இறுதியில் கைவிட்டு, அவை நிர்வாகத்துக்குத் திரும்புமாறு செய்த முறைகேடு குறித்து, 2024இன் இறுதியில் தேர்வு ஆணையத்தின் புகாரின் பேரில் பெங்களூரில் வழக்குப் பதிவாயிற்று. அவ்வாறு இழக்கப்படும் ஒவ்வோர் இடமும், அரசு உதவியுடன் ஓர் ஏழை மாணவர் படித்திருக்கக் கூடிய இடமாகும்.

பிற அரசுகளின் அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சில மாநிலங்கள் தேர்வு மதிப்பெண்ணையே உதவித் தொகைக்கு நேரடித் தகுதியாக வைத்துள்ளன. ஃபுளோரிடா மாநிலம் 1997இல் தொடங்கிய திட்டத்தில் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற வேண்டும். டென்னசி மாநிலத்தில் ஏ.சி.டி. தேர்வில் 21 மதிப்பெண் அல்லது பள்ளியில் 3.0 சராசரி, இரண்டில் ஒன்று போதும். இரண்டுக்கும் பணம் லாட்டரி வருவாயிலிருந்து வருகிறது. இம்முறையில் மாணவர் தமக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே அறிகிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிக மதிப்பெண் பெறுவதால் உதவியும் அவர்கள் பக்கமே சாய்கிறது என்பது இதன் குறை. கர்நாடக முறையில் பெரும்பாலான உதவிகளுக்கு வருமான வரம்பு உண்டு. அவ்வகையில் அது நியாயமானது. முன்னறிவு இல்லை என்பதே அதன் குறை.

தமிழ்நாடு வேறு பாதையில் சென்றது. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை அளிக்கப்படுகிறது. அதற்கான சான்றிதழ் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே சமர்ப்பிக்கப்படுகிறது என்பது இங்குக் கவனிக்கத் தக்கது. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்க்கு அளிக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இடமும் உதவியும் ஒரே நேரத்தில் முடிவாகின்றன.

செய்ய வேண்டுவன

கர்நாடகத்தின் முறைக்கு அடித்தளம் உறுதியாகவே உள்ளது. மதிப்பெண், சான்றிதழ், வருமானம் ஆகிய மூன்று விவரங்களும் அரசிடமே உள்ளன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு மட்டுமே தேவை. மாணவர் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்யும் திரையிலேயே, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய கட்டணம், அவருக்குரிய உதவி, கையிலிருந்து செலுத்த வேண்டிய மீதி ஆகியவற்றைக் காட்டுதல் முதற்படி. தகுதி முன்கூட்டியே உறுதியான மாணவரிடம் சேர்க்கை நாளில் அந்த மீதியை மட்டும் பெறுதல் இரண்டாம் படி. தாழ்த்தப்பட்ட மாணவருக்கு முன்பணமின்றி அனுமதி வழங்கும் ஃப்ரீஷிப் கார்டு முறைக்கு மத்திய நெறிமுறைகளிலேயே இடமுள்ளது. பி.யு.சி. கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு தொடக்கத்திலேயே சான்றிதழ், வங்கிக் கணக்கு, பெயர் ஒற்றுமை ஆகியவற்றைச் சரிபார்க்கும் முகாம் நடத்துதல் மூன்றாம் படி.

மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். தேர்வுக்கு முன்பே வருமானச் சான்றிதழின் காலவரம்பைப் பார்த்தல், வாரிய மதிப்பெண்ணையும் தேசியத் தேர்வு மதிப்பெண்ணையும் மாநில ஆணையத்தில் பதிவு செய்தல், அரசு இடம் எது, நிர்வாக இடம் எது என்று கேட்டறிந்து விருப்பங்களை வரிசைப்படுத்துதல் ஆகியன பாடப் புத்தகத்தைப் போலவே கற்க வேண்டியவை.

நாடு கல்விக்கென ஒதுக்கும் பணத்தின் பயன், ஒதுக்கிய தொகையால் அளக்கப்படுவதன்று. அது உரிய மாணவரை உரிய நாளில் அடைந்ததா என்பதே அளவுகோல். உழைத்துப் பெற்ற தரவரிசை எண், கட்டணம் கட்ட இயலாத ஒரே காரணத்தால் பயனற்றுப் போகாமல் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.